கழித்துவிடுதலின் அறம்

நிறுவனம் ஒன்று கணினியை வாங்கும்போது அதற்கு உண்டாகும் பொறுப்பு, அக்கணினி பழையதாகிக் கணக்கிலிருந்து கழிக்கப்படும் நாளோடு தீர்ந்துவிடுகிறதா, அன்றி அதனால் தீங்கு நேரக்கூடிய காலம் வரை உடையவரைத் தொடர்கிறதா என்னும் வினாவுக்குச் சமணம் தரும் விடை இன்றைய அலுவலகங்களுக்கும் பொருந்துவதாகும்.

சமண முனிவர் கைக்கொள்ளும் ஐவகை விழிப்புகள் சமிதி எனப்படும். அவற்றுள் பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம் ஒன்று. கழிவைச் சிற்றுயிர் இல்லாத இடம் பார்த்து விடுதல் மற்றொன்று. திகம்பர முனிவர் தம் கமண்டலத்தைத் தரையில் வைக்குமுன் அவ்விடத்தை மயிற்பீலியால் மெல்ல வருடி, எறும்பு முதலியவற்றை விலக்கிய பின்னரே வைக்கிறார். சமண ஆசிரியர் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் என்னும் நூலோ இன்னும் ஆழ்ந்து சென்று, வினை உயிரை வந்தடைவதற்கு உயிரற்ற பொருளும் நிலைக்களன் ஆகலாம் என்று கூறி, வைத்தலை நால்வகையாக எண்ணுகிறது. பாராமல் வைத்தல், செவ்வனே துடைக்காமல் வைத்தல், அவசரத்தில் வைத்தல், நினைவின்றி வைத்தல் என உரைகள் அவற்றை விளக்குகின்றன.

கிடங்கு மூலையில் கேட்பாரற்றுக் குவிந்த பழைய மடிக்கணினிகளுக்கு இந்நான்கும் பொருந்துவதைக் காணலாம். வன்தட்டை விரைவு முறையில் ஃபார்மட் செய்தால் கோப்புகளின் அட்டவணைதான் நீங்குகிறதே தவிர, ஊழியர், வாடிக்கையாளர் ஆகியோரின் விவரங்கள் பெரும்பாலும் தட்டிலேயே தங்கிவிடுகின்றன. அதே கணினி பழைய இரும்பு வணிகர் வழியாகத் தில்லியின் சீலம்பூர் போன்ற இடத்தை அடைந்தால், செம்புக்காகக் கம்பிகள் எரிக்கப்படுகின்றன. பொன்னுக்காகச் சர்க்யூட் போர்டுகள் அமிலத்தில் தோய்க்கப்படுகின்றன. அந்தப் புகையைச் சுவாசிப்பவர் அந்நிறுவனத்தின் பெயரையும் அறியாத தொழிலாளர்.

தீங்கு செய்யும் எண்ணம் தனக்கு இல்லை என்று நிறுவனம் கூறலாம். ஆயினும் அசட்டையால் உயிருக்கு ஊறு நேர்வதையே தத்துவார்த்த சூத்திரம் இம்சை என வரையறுக்கிறது. முழுக் கவனத்தோடு நடந்தும் நேர்ந்துவிடும் ஊறு அவ்வாறு கருதப்படுவதில்லை. ஆகவே இவ்வறம் கேட்பது இயலாத தூய்மையை அன்று, இயலும் விழிப்பையே.

முனிவருக்குரிய நெறியை வணிகர்மீது சுமத்தலாமா என்னும் ஐயம் நியாயமானதே. இல்லறத்தார்க்குச் சமணம் வகுத்தது, உடைமைக்கு எல்லை கட்டும் பரிக்கிரக பரிமாணம் என்னும் நோன்பு. தன்னிடம் உள்ளது எவ்வளவு என்று அறியாதவர் அதற்கு எல்லை கட்ட முடியாது என்பதால், நேர்மையாகப் பேணப்படும் உடைமைப் பதிவேடே அந்நோன்பின் முதற்படியாகும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் மேசைக்கணினிக்கும் மடிக்கணினிக்கும் 3 ஆண்டு, சர்வருக்கு 6 ஆண்டு எனப் பயன்காலம் குறிப்பது தேய்மானக் கணக்குக்காகவே. நன்றாக இயங்கும் கருவியை அவ்வளவில் தள்ளிவிட்டுப் புதியது வாங்க அது கட்டளை அன்று.

2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள், ஓராண்டில் 1,000 கருவிகளேனும் பயன்படுத்தும் நிறுவனத்தைப் பெருநுகர்வோராகக் கொண்டு, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் போன்றோரிடமே கழிவை ஒப்படைக்கப் பணிக்கின்றன. பத்துக் கணினி வைத்திருக்கும் சிறு அலுவலகத்தை அவ்விதி தொடாவிடினும், துடைத்து, பார்த்து, தக்கவரிடம் சேர்க்கும் கடமை அதற்கும் உண்டு.