உல்லாசம் பாவமா?



"சுவாமி, ஞாயிறு பூசை கண்டபின் சினிமாவுக்கும் கடற்கரைக்கும் போவது பாவமா?" என்று சிலர் கேட்கிறீர்கள். அதனதன் அளவில் பாவமல்ல. கானாவூர்க் கலியாணத்தில் நம் ஆண்டவரும் பந்தியிருந்தார்.

ஆனால் மூன்றாம் கற்பனையைக் கவனியுங்கள். ஓய்வுநாள் வீட்டு எஜமானுக்கு மட்டுமல்ல. வேலைக்காரிக்கும், மாட்டுக்குங்கூட உரியது என்கிறது உபாகமம் 5-ம் அதிகாரம்.

வருஷந்தோறும் செப்டம்பர் 8-ந் தேதித் திருநாளுக்கு வேளாங்கண்ணி போகிறோம். கடலில் குளித்துக் களிக்கிறோம். விடியுமுன் எழுந்து கட்டுச்சோறு கட்டியவர் யார்? காவலுக்கென்று வீட்டில் விட்டுவந்த பாட்டி மாதா கோவிலைக் கண்டு எத்தனை வருஷமாயிற்று? பிறர் தலையில் பாரத்தை வைத்து நாம் இளைப்பாறுவது ஓய்வாகுமா?

இவ்வருஷம் பாட்டிக்கும் ஒரு டிக்கெட் வாங்குங்கள். கட்டுச்சோற்றை ஆண்பிள்ளைகள் கட்டட்டும். சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு