‘ஓகே’ அமுக்கினால் அது சம்மதமா?



கடந்த செமஸ்டர் விடுமுறையில் பன்னிரண்டு வாரம் தொழிற்பயிற்சிக்குப் போயிருந்தேன். தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குக் ‘கூடுதல் மதிப்புச் சேவை’களைத் திட்டமிட்டுத் தரும் ஒரு சிறிய கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே நான் செய்த ஒரு வேலையும் அதனால் எனக்குள் எழுந்த ஒரு கேள்வியும்தான் இந்தக் கட்டுரை. ஒருவர் புரியாமல் ‘ஓகே’ அமுக்கிவிட்டால், அதைச் சம்மதம் என்று சொல்லி அவர் காசை எடுப்பது நியாயமா?

முதலில் அந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பேசுவதும் குறுஞ்செய்தி அனுப்புவதும் கைப்பேசியின் அடிப்படைச் சேவைகள். அதற்கு மேல் வருவதெல்லாம் கூடுதல் மதிப்புச் சேவை: அழைப்பவர் காதில் ஒலிக்கும் பாட்டு, ராசிபலன், விளையாட்டு, வீடியோ, டேட்டா பொட்டலம், பணம் அனுப்புவது. பாட்டையும் வீடியோவையும் தயாரிப்பவர் ஒருவர். அதைத் தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு இணைத்துக் கொடுப்பவர் இன்னொருவர். வரும் பணத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

இதில் பணம் வாங்கும் முறைதான் பெரிய விஷயம். வங்கி அட்டை வேண்டாம், கணக்கு வேண்டாம். கைப்பேசி டேட்டாவில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே உங்கள் எண் என்னவென்று நெட்வொர்க்குக்குத் தெரியும். ஒரு தடவை அமுக்கினால் போதும், பிரிபெய்டு இருப்பிலிருந்து காசு கழிந்துவிடும். அட்டை இல்லாத மாணவருக்கும் வங்கிக் கணக்கு இல்லாத தொழிலாளிக்கும் இது நிஜமாகவே உதவி. அதை நான் மறுக்கவில்லை.

எனக்குக் கொடுத்த வேலை ‘மறுமுயற்சி அட்டவணை’. ஒரு வீடியோ சேவை, வாரம் நான்கு வெள்ளி. கழிக்கும் நேரத்தில் வாடிக்கையாளரின் இருப்பில் நான்கு வெள்ளி இல்லையென்றால் என்ன செய்வது? மறுபடி எப்போது முயற்சி செய்வது? பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். பிரிபெய்டு பயன்படுத்தும் நிறைய பேருக்கு மாதத்தில் பாதி நாள் இருப்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. டாப்-அப் செய்த கொஞ்ச நேரத்துக்குத்தான் காசு இருக்கும். அதனால் வேலை முடிந்து வரும் மாலை நேரத்திலும் சம்பள நாட்களிலும் அடிக்கடி முயற்சி செய்யும்படி அட்டவணை போட்டேன். நான்கு வெள்ளி கிடைக்கவில்லையா, இரண்டு. இரண்டும் இல்லையா, ஒன்று.

சோதித்துப் பார்த்தபோது வசூல் நன்றாக உயர்ந்தது. “நல்லா செஞ்சிருக்க தம்பி” என்று டீம் லீடர் முதுகில் தட்டினார். அன்று இரவே அம்மாவுக்குப் போன் பண்ணிப் பெருமையாகச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நீண்ட விடுமுறை. தெலுக் இந்தானில் பாட்டி வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்த கையோடு பாட்டி தன் கைப்பேசியை நீட்டினார்.

“ஏன்யா, நேத்து சாயங்காலம்தான் கடையில பத்து வெள்ளி போட்டேன். உங்க மாமாவுக்குப் பேசலாம்னு பார்த்தா காசு பத்தலைங்குது. கடைக்காரன் ஏமாத்திட்டானா?”

வாங்கிப் பார்த்தேன். கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஐந்து இலக்க எண்களிலிருந்து வந்த குறுஞ்செய்திகள் வரிசையாக இருந்தன. எங்கள் கம்பெனியின் சேவை இல்லை, வேறு யாருடையதோ. ஆனால் டாப்-அப் செய்த சில நிமிடங்களிலேயே ஒரு கழிவு, அடுத்து இன்னொன்று, கடைசியில் மிச்சமிருந்ததில் ஒரு வெள்ளி. அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நான் போட்ட அட்டவணையும் இப்படித்தான் வேலை செய்யும்.

“இந்த மெசேஜெல்லாம் என்ன பாட்டி?”

“போன் கம்பெனிக்காரங்க அனுப்புறாங்கய்யா. வாழ்த்துன்னு நெனச்சேன்.”

பாட்டி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். தமிழ் நன்றாக வாசிப்பார். மலாய் பேசுவார், ஆனால் வாசிக்க வராது. ஆங்கிலம் தெரியாது. சேவையின் பெயர், விலை, நிறுத்தும் வழி எல்லாமே அந்தச் செய்திகளில் சரியாக இருந்தன, பாட்டிக்குத் தெரியாத மொழியில். அந்த ‘ஓகே’யை யார் அமுக்கியது? பஜனை வீடியோ பார்க்கும்போது பாட்டியே அமுக்கினாரா, கைப்பேசியை வைத்து விளையாடிய மாமா மகன் அமுக்கினானா? யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை டீம் லீடரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரும் நம்ம ஆள்தான், ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை. தங்கையைத் தன் சம்பளத்தில் படிக்க வைப்பவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, அமுக்கினது அவங்க. விலையைச் சொல்லி மெசேஜ் போகுது. ‘ஸ்டாப்’னு அனுப்பினா நின்னுடும். சட்டப்படி எல்லாம் சரி. நாலு வெள்ளிதானே, நாம என்ன திருடியா எடுத்தோம்?”

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது எழுத முயல்கிறேன்.

முதலில் ‘அமுக்கினது அவங்க’ என்பது. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிய வேண்டும். என்ன விலை என்று தெரிய வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்வதும் ‘சரி’ என்று சொல்வதைப் போலவே சுலபமாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது சம்மதம். இந்தச் சேவைகளில் சேர ஒரு விரல் போதும். வெளியே வர, செய்தியைத் தேடி எடுத்து, வாசித்து, சரியான வார்த்தையைச் சரியான எண்ணுக்கு அனுப்ப வேண்டும். உள்ளே வரும் கதவு அகலம், வெளியே போகும் கதவு ஒடுக்கம். அந்த அளவுகளை ஒரு மேசையில் உட்கார்ந்து யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். பன்னிரண்டு வாரம் அந்த மேசையில் நானும் இருந்தேன்.

அடுத்தது ‘சட்டப்படி சரி’. சட்டம் வேண்டும்தான். விலையைத் தெரிவிக்க வேண்டும், நிறுத்த வழி சொல்ல வேண்டும் என்று நம் நாட்டின் தொடர்பு பல்லூடக ஆணையம் இப்படிப்பட்ட சேவைகளுக்குக் கட்டாயத் தரவிதிகள் வைத்திருக்கிறது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013-இல் இரட்டை உறுதிப்படுத்தலைக் கட்டாயமாக்கியது. வாடிக்கையாளரை ஒருமுறை கேட்டால் போதாது, இரண்டாவது முறையும் கேட்க வேண்டும். ஏன் இரண்டு முறை? முதல் ‘சரி’ பல நேரம் உண்மையான ‘சரி’யாக இல்லை என்பதால்தானே! அமெரிக்காவில் 2014 அக்டோபரில் ஏடி அண்ட் டி நிறுவனம் 105 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர்கள் கேட்காத ராசிபலன், ரிங்டோன் போன்ற மூன்றாம் தரப்புச் சேவைகளுக்குப் பெரும்பாலும் மாதம் 9.99 டாலர் வீதம் அவர்கள் பில்லில் ஏறியிருந்தது. அதில் குறைந்தது 35 விழுக்காட்டை நிறுவனம் தனக்கு வைத்துக்கொண்டது என்பது அரசாங்கத் தரப்பின் குற்றச்சாட்டு. ஒவ்வொரு முறையும் மக்களின் காசு போன பிறகுதான் சட்டம் வந்து சேர்கிறது. சட்டம் வரும்வரை மனசாட்சி லீவில் இருக்கலாமா?

மூன்றாவது, ‘நாலு வெள்ளிதானே’. இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். நானும் நீங்களும் இப்படி ஒரு சேவையில் மாட்டினால் என்ன செய்வோம்? மெசேஜை வாசிப்போம், அன்றைக்கே நிறுத்திவிடுவோம். அப்படியென்றால் மாதக்கணக்கில் கட்டிக்கொண்டே இருப்பவர்கள் யார்? விரும்பிப் பார்ப்பவர்கள் ஒரு பகுதி. மிச்சம் பேர் வாசிக்கத் தெரியாத முதியவர்கள், மொழி புரியாத வெளிநாட்டுத் தொழிலாளர்கள், இருப்பு ஏன் குறைகிறது என்று யாரிடம் கேட்பது என்றே தெரியாதவர்கள். யாரும் அவர்களைக் குறிவைக்கவில்லை. ஆனால் திட்டமே சல்லடை மாதிரி வேலை செய்து, விவரம் தெரிந்தவர்களை வெளியே விட்டுவிட்டு ஏமாறக்கூடியவர்களை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிறது. நான் போட்ட மறுமுயற்சி அட்டவணை, அவர்களிடம் எந்த நேரத்தில் காசு இருக்கும் என்றும் சொல்லிக்கொடுத்தது.

திருக்குறளில் 29-ஆம் அதிகாரம் கள்ளாமை. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது, ‘பூட்டை உடைக்காதே, பையில் கை விடாதே’ என்றுதான் புரிந்துகொண்டேன். இப்போது மறுபடி வாசித்தால் வேறு ஒன்று தெரிகிறது. பிறர் பொருளை அவர் அறியாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று மனத்தில் நினைப்பதே தீது என்கிறார் வள்ளுவர். கை நீள்வதற்கு முன்னால், எண்ணத்திலேயே குற்றம் தொடங்கிவிடுகிறது. எங்கள் தொழிலில் அந்த எண்ணத்துக்குத் ‘திட்டமிடல்’ என்று பெயர். அது கணக்குத் தாளில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும்.

ஒரு நண்பனிடம் இதைச் சொன்னபோது மடக்கினான். “நீ ஜிம்முக்கு மாதக் கட்டணம் கட்டிட்டுப் போகாம இருக்கியே, அதுவும் திருட்டா?” நல்ல கேள்வி. நான் மறந்தது என் தவறுதான். நான் மறப்பதால் ஜிம்காரருக்கு லாபம் வரலாம், அதுவும் குற்றமில்லை. ஆனால் நான் மறக்க வேண்டும் என்றே அவர் ஏற்பாடு செய்தால், விலகும் படிவத்தை நான் தேடாத இடத்தில் ஒளித்து வைத்தால், அப்போது கதை வேறு. வாடிக்கையாளரின் மறதி தானாக நடந்ததா, நாம் அதை நம்பிக் கணக்குப் போட்டோமா? நான் பார்க்கும் வித்தியாசம் அதுதான்.

‘அப்படிப் பார்த்தா இந்தத் தொழிலே நடக்காது’ என்று நினைக்காதீர்கள். கென்யாவைப் பாருங்கள். சஃபாரிகாம் நிறுவனம் 2007 மார்ச்சில் எம்-பெசா சேவையைத் தொடங்கியது. முன்னோட்டத்தில் அது சிறுகடனைத் திருப்பிக் கட்டும் வழியாகத்தான் திட்டமிடப்பட்டது. மக்கள் அதைவிட, ஒருவருக்கொருவர் பணம் அனுப்பவே அதைப் பயன்படுத்துவதைக் கவனித்தார்கள். நகரத்தில் வேலை செய்பவர் ஊரிலுள்ள குடும்பத்துக்குப் பணம் அனுப்பும் சேவையாக அதை மாற்றினார்கள். சாதாரண பட்டன் போனே போதும். அனுப்புபவர் தன் ரகசிய எண்ணை அடித்தால்தான் காசு நகரும். இரு தரப்புக்கும் உடனே செய்தி வரும். பெறுபவரின் பெயரைக் காட்டி, தவறென்றால் நிறுத்திக்கொள்ளும் வசதியையும் பிறகு சேர்த்தார்கள். அதிலும் கட்டணம் உண்டு, லாபம் உண்டு. ஆனால் அடிப்படையில், பயன்படுத்தினால்தான் கட்டணம். வாடிக்கையாளர் விழித்திருக்கும்போது வரும் வருமானம் அது. எங்கள் அட்டவணை சம்பாதித்தது அவர் கவனிக்காத நேரத்தில்.

எனக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான்: கட்டுபவர் எல்லோருக்கும், எதற்கு எவ்வளவு கட்டுகிறோம் என்று இன்றைக்கே அவர்கள் மொழியில் தெரிந்துவிட்டால், இந்தத் திட்டம் நாளைக்கும் நிற்குமா? நின்றால் அது வியாபாரம். விழுந்துவிட்டால், அதுவரை நாம் விற்றுக்கொண்டிருந்தது வீடியோவே இல்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. வேலையை உதறவில்லை, புகார் கொடுக்கவில்லை. பயிற்சி மதிப்பெண் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. இறுதி அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்: ‘30 நாட்களாக ஒரு வீடியோவும் திறக்காமல் பணம் மட்டும் கட்டுபவர்கள்’. அவர்களிடமிருந்து வரும் தொகையைத் தனியாகக் காட்டி, அவர்களுக்குக் கழிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி சம்மதம் கேட்கலாம் என்று எழுதினேன். அண்ணன் வாசித்தார். ரொம்ப நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத மேலே அனுப்புறேன், ஆனா எதுவும் எதிர்பார்க்காதே” என்றார். மேலே என்ன ஆனது என்று எனக்கு இதுவரை தகவல் இல்லை. என் அட்டவணை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

நம்மில் பலர் நாளைக்கு இப்படிப்பட்ட மேசைகளில்தான் உட்காரப்போகிறோம், செயலி வடிவமைப்பவராக, வங்கியில், காப்புறுதியில். அந்த வரி உங்கள் கணக்குத் தாளிலும் ஒருநாள் வரும். அப்போது அதில் இருப்பவர் யார் என்று ஒருமுறை கேளுங்கள்.

அதற்கு முன்னால், இந்த வாரமே செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று உண்டு. வீட்டுக்குப் போனதும் பாட்டி தாத்தாவின் கைப்பேசியை வாங்கி, ஐந்து இலக்க எண்களிலிருந்து வந்த செய்திகளை வாசித்துப் பாருங்கள். என் பாட்டியின் கைப்பேசியில் மூன்று சேவைகள் இருந்தன. நிறுத்துவதற்கு எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.