காரணம் இன்றிக் காரியம் உண்டோ?

 

மலாக்காவில் நம்மவரான வணிகர்கள் 1748-இல் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் செங் ஹூன் தெங் கோயிலும், அதற்கு எதிரே சியாங் லின் சி பௌத்த ஆலயமும் இருக்கின்றன. பௌத்தர்கள் நமக்கு அண்டை வீட்டார், வாடிக்கைக்காரர். அவர்களில் ஒருவர், “எல்லாம் காரண காரியத்தால் நடக்கிறதே, படைத்தவன் எதற்கு?” என்று நம் பிள்ளையைக் கேட்டால் அது என்ன பதில் சொல்லும்?

முதலில் அவர் கொள்கையைச் சரியாக அறிவோம். சார்பின்றி எதுவும் தோன்றாது என்பது புத்தர் போதனை. தமிழிலேயே, மணிமேகலைக் காப்பியத்தில், அறவண அடிகள் பேதைமையில் தொடங்கி வினைப்பயனில் முடியும் 12 சார்புகளை விளக்குகிறார். துன்பம் எப்படி வருகிறது, எப்படி ஒழியும் என்பதே அதன் நோக்கம். உலகத்தின் ஆரம்பத்தை அது தேடவில்லை.

காரணமின்றிக் காரியமில்லை என்பது நமக்கும் சம்மதமே. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாதமும் அங்கிருந்தே புறப்படுகிறது. தோன்றியதற்கெல்லாம் காரணம் வேண்டும்; உலகம் தோன்றியது; ஆகவே அதற்கும் காரணம் வேண்டும்.

“உலகத்துக்கு ஆரம்பமே இல்லை” என்று அவர் சொன்னால்? நம் வியாபாரக் கணக்கில் பாருங்கள். ஜாசின் கடைக்காரர் மலாக்கா மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கெடுக்கிறார். அவர் சிங்கப்பூர்க்காரரிடம் கடன், சிங்கப்பூர்க்காரர் இன்னொருவரிடம். இப்படி எல்லாரும் கடன்காரராகவே இருந்து, சொந்த முதல் உடையவர் ஒருவருமே இல்லையென்றால், ஜாசினுக்கு ஒரு மூட்டை அரிசியாவது வந்து சேருமா? வரிசையை எவ்வளவு நீட்டினாலும் முதல் உண்டாகாது. பிறிதைச் சார்ந்து நிற்பவை எத்தனை கூடினாலும், எதையும் சாராத ஒருவன் வேண்டும். அவனையே திருமறை ‘ஸமது’ என்கிறது.

“அவனுக்குக் காரணம் யார்?” எனலாம். தோன்றியதற்குத்தான் காரணம் கேட்டோம். என்றும் உள்ளவனுக்கு அன்று.

வாதத்தில் வென்றோம் என்று மார்தட்ட வேண்டாம். அழகிய முறையில் விவாதிக்கவே நஹ்ல் அத்தியாயம் பணிக்கிறது. மேலும், வினைப்பயன் தொடரும் என்று அஞ்சி அந்த அண்டை வீட்டார் நிறை குறையாமல் அளக்கிறார். அணுவளவு தீமைக்கும் கேள்வி உண்டு என்று நம்பும் நாம் தராசைச் சாய்த்துவிட்டு, கிடைத்த லாபத்தை ‘நசீபு’ என்றால், நம் பிள்ளை நம் வாதத்தை நம்புமா, நம் தராசை நம்புமா?

நாவில் உள்ள ஈமானை நம் நடத்தையிலும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.