ஊழியன் என்று சொல்வதும் ஊழியனாய் இருப்பதும்



தலையான பாவங்கள் எத்தனை என்று ஞானோபதேச வகுப்பில் கேட்டால் சிறு பிள்ளையும் ஏழு என்று சொல்லும். அவற்றில் முதலாவது எது? ஆங்காரம். அதற்கு எதிரான புண்ணியம் எது? தாழ்ச்சி. இவ்வளவு சுளுவாக வாய்க்கு வருகிற பாடம் வேறொன்றில்லை. ஆனால் வாய்க்கு வந்தது வாழ்க்கைக்கு வந்ததா என்று சோதித்துப் பார்த்தால், நம்மில் பலர் இன்னும் அந்த வகுப்பிலேயே தேறாமல் உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் பங்குச் சுவாமியாரும் அதே பெஞ்சில்தான் இருக்கிறார். அதைச் சொல்லவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நான் இருந்தபோது நடந்த சங்கதி இது. செபெதேயுவின் குமாரர் இருவரும் கர்த்தருடைய வலப்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் ஆசனம் கேட்ட சுவிசேஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்பட்டது. உங்களுள் பெரியவனாக விரும்புகிறவன் எல்லாருக்கும் ஊழியனாகட்டும் என்று கர்த்தர் கற்பித்ததை எடுத்துப் பிரசங்கம் செய்தேன். குருவானவர் உங்கள் எசமான் அல்ல, உங்கள் ஊழியன் என்று உருக்கமாகச் சொன்னேன். கேட்டவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் அதைக் கவனித்துக்கொண்டேன்.

மறுநாள் ஒரு கலியாண விருந்து. அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு பந்தி ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பரிமாறுகிற ஆள் என்று நினைத்து, "தம்பி, இந்த வரிசைக்குத் தண்ணீர் வரவில்லை. அந்தச் செம்பை எடுத்து வா" என்றார்.

செம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அதற்குள் பெண் வீட்டார் ஓடிவந்து, "ஐயோ, இவர் எங்கள் சாமி!" என்று அவரைக் கடிந்துகொண்டார்கள். பாவம், அந்தப் பெரியவர் பாதி இலையிலிருந்து எழுந்து, எச்சில் கையை மறைத்துக்கொண்டு, "தோத்திரம் சாமி, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று தலை குனிந்தார். நான் புன்னகையோடு, "பரவாயில்லை ஐயா, உட்காருங்கள்" என்றேன். பார்த்தவர்கள் என் தாழ்ச்சியை மெச்சியிருப்பார்கள்.

அன்றிரவு ஆத்தும சோதனை செய்யும்போது உண்மை தெரிந்தது. செம்பை எடுக்காதது ஒரு குற்றம். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றிருந்தது. அந்தப் பெரியவர் எழுந்து தலை குனிந்தபோது என் உள்ளத்தில் ஒரு சந்தோஷம் உண்டாயிற்று. இப்போது தெரிந்ததா நான் யார் என்று? வாய் சொல்லாததை மனம் சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் ஊழியன் என்று சொன்னவனை, திங்கட்கிழமை ஒருவர் மெய்யாகவே ஊழியனாக நடத்தினார். ஊழியன் அங்கே இல்லை.

பங்கு மக்களே, நான் கற்றுக்கொண்டது இதுதான். நம்மை நாமே தாழ்த்திப் பேசுவது தாழ்ச்சியாகாது. நான் பாவி, நான் தூசி, நான் எதற்கும் உதவாதவன் என்று சொல்லுகிறவனைப் பார்த்து, "ஆமாம், உண்மைதான்" என்று ஒருவர் சொல்லட்டும். உடனே சண்டை வரும். நம்மைத் தாழ்த்திப் பேசும்போதும் பேச்சு நம்மைப் பற்றியதாகத்தானே இருக்கிறது! ஆங்காரத்துக்கு அதுவே போதும். அது சிங்காசனத்திலும் உட்காரும், சாம்பலிலும் உட்காரும். எல்லாரும் தன்னைப் பார்த்தால் சரி.

கர்த்தர் காட்டிய வழி வேறு. பெரிய வியாழன் இராப்போசனத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் பந்தியிலேயே, தங்களுக்குள் யார் பெரியவன் என்ற வாக்குவாதம் அப்போஸ்தலர்களுக்குள் எழுந்தது என்று அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். வழி நடந்துவந்தவர்களின் கால் கழுவுவது அந்நாட்டில் அடிமையின் வேலை. பன்னிருவரில் எவரும் அதற்கு எழுந்ததாகச் சுவிசேஷம் சொல்லவில்லை. எழுந்தவர் கர்த்தர். அவர் தாழ்ச்சியைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. மேலாடையைக் கழற்றி வைத்தார், துண்டைக் கட்டிக்கொண்டார், தண்ணீர் வார்த்தார். தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிற யூதாஸ் அப்போது பந்தியைவிட்டுப் போயிருக்கவில்லை. அவன் காலும் அந்தக் கைகளில் இருந்தது.

அர்ச். இராயப்பர் மட்டும் தம் காலைக் கழுவ விடமாட்டேன் என்றார். பார்த்தால் அதுவும் தாழ்ச்சிபோல் இருக்கிறது. ஆனால் கர்த்தர் அதை மெச்சவில்லை. பிறர் செய்யும் உதவியை வாங்கிக்கொள்ள வெட்கப்படுவதிலும் ஒரு மேட்டிமை ஒளிந்திருக்கிறது. யாரிடமும் கடன்பட மாட்டேன், யாருடைய தயவும் எனக்கு வேண்டாம் என்கிறவன் தன்னைத் தாழ்ந்தவனாக நினைக்கவில்லை. எவருக்கும் கீழ்ப்படாதவனாக நினைக்கிறான்.

இனி இரண்டு அர்ச்சியசிஷ்டவர்களைப் பற்றிச் சொல்லுகிறேன். ஒருவர் ஸ்பெயின் தேசத்தில் செகோவியா நகரத்து அர்ச். அல்போன்ஸ் ரொட்ரீகஸ். கம்பளி வியாபாரி. மனைவியும் பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோனார்கள், வியாபாரமும் நொடித்துப்போயிற்று. சேசுசபையில் சேரக் கேட்டார். வயது அதிகம், உடம்பு பலவீனம், படிப்பும் போதாது. கடைசியில் 1571-ல் குருப்பட்டமில்லாத சகோதரராகச் சேர்த்துக்கொண்டார்கள். மல்லோர்க்கா தீவிலிருந்த கல்லூரியில் அவருக்குக் கிடைத்த உத்தியோகம் வாசல் காப்பது. 1617-ல் இறக்கும்வரை ஏறக்குறைய 46 ஆண்டுகள் அந்த வீட்டிலேயே இருந்தார். வருகிறவருக்குக் கதவு திறப்பது, உள்ளே போய்ச் செய்தி சொல்வது, ஏழைக்குப் பிச்சை கொடுப்பது, இவைதாம் அவர் வேலை. வாசல் மணி அடிக்கும்போதெல்லாம், வந்திருக்கிறவர் ஆண்டவரே என்று எண்ணி, இதோ வருகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்து போவார்.

இதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். வாசல் மணி நம் சௌகரியம் பார்த்து அடிப்பதில்லை. செபிக்கும்போது அடிக்கும், சாப்பிடும்போது அடிக்கும், கால் வலித்து உட்காரும்போது அடிக்கும். வந்திருப்பவர் பிரபுவா பிச்சைக்காரரா என்று கதவு திறக்கும்வரை தெரியாது. மணி அடித்ததும் எழுகிறவனுக்குத் தன்னைப் பற்றி யோசிக்க நேரமில்லை. என்னைப் பெரியவனாக மதிப்பார்களா, சிறியவனாக மதிப்பார்களா என்ற கேள்வியே அவனுக்கு இல்லை. வந்தவருக்கு என்ன வேண்டும் என்பது ஒன்றே கேள்வி. தாழ்ச்சி இதுதான்.

அந்தக் கல்லூரிக்கு 1605-ல் ஓர் இளைஞன் படிக்க வந்தான். பெயர் பீட்டர் கிளாவேர். பேராசிரியர்களிடம் தத்துவ சாஸ்திரம் படித்தான். ஞான வாழ்வை வாசல் காவலரிடம் படித்தான். கடல் கடந்து போய் ஆத்துமங்களைத் தேடும்படி அவனைத் தூண்டியவர் அந்தக் கிழவரே. கிளாவேர் 1610-ல் இன்றைய கொலம்பியா தேசத்துக் கார்த்தகேனா துறைமுகத்தில் போய் இறங்கினார். 1616-ல் குருப்பட்டம் பெற்றார். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் கப்பல் கப்பலாக வந்து விற்கப்பட்ட சந்தை அது. கப்பல் வந்ததென்று கேட்டதும் ரொட்டியும் எலுமிச்சம்பழமும் மருந்தும் எடுத்துக்கொண்டு, துபாசிகளோடு அவர் ஓடுவார். நாற்றம் தாங்காமல் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் அடித்தளத்துக்குள் இறங்கிப் புண்களைக் கழுவுவார். 1622-ல் தம் கடைசி வார்த்தைப்பாட்டில் கையெழுத்திடும்போது, தம்மை ஆப்பிரிக்கர்களுக்கு என்றென்றும் அடிமை என்று எழுதிவைத்தார்.

எழுதினவர்கள் பலர் உண்டு. எழுதினபடி நடத்தப்பட்டவர்கள் சிலரே. அவருடைய கடைசி நாலு ஆண்டுகள் வியாதியில் கழிந்தன. ஊர் அவரை மறந்தது. பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்ட வேலையாள் அவரைச் சரியாகக் கவனிக்காமல் முரட்டுத்தனமாக நடத்தினான் என்று அவர் சரித்திரம் கூறுகிறது. அவர் அவன்மேல் குற்றம் சொல்லவில்லை. அடிமையாகிறேன் என்று எழுதிக்கொடுத்தவர், அடிமைபோல் நடத்தப்பட்டபோது ஆச்சரியப்படவில்லை. 1654-ல் மரித்தார். 1888-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் குருவானவரையும் வாசல் காவலரையும் ஒரே நாளில் அர்ச்சியசிஷ்டவர்களாகப் பிரசித்தப்படுத்தினார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். தாழ்ச்சி என்று சொல்லிச் சொல்லியே ஏழையை ஏழையாக அடக்கி வைத்தார்களே, கூலிக்காரனும் வேலைக்காரியும் வாயை மூடிக்கொண்டிருக்கத்தானே இந்தப் போதகம் என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஏற்கெனவே கீழே உட்கார வைக்கப்பட்டவனுக்குத் தாழ்ச்சியைப் போதித்துவிட்டு, மேலே உட்கார்ந்திருக்கிறவனை நாம் விட்டுவிட்டோமானால் சுவிசேஷத்தைத் தலைகீழாகப் படித்தவர்களாவோம். துண்டைக் கட்டிக்கொண்டவர் பந்தியின் தலைவர். பெரியவன் ஊழியனாகட்டும் என்பதுதான் கட்டளை; ஊழியனை மிதித்துக்கொள் என்பதல்ல. கிளாவேரும் அடிமைகளுக்கு அடிமையானாரே தவிர, அடிமை வியாபாரிகளுக்கு அடிமையாகவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அடிமைகளுக்கே முதலிடம் கொடுத்தார். சீமாட்டிகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. தோட்டங்களுக்குப் போனால் எசமான் மாளிகையில் தங்காமல் அடிமைகளின் குடிசையில் தங்கினார். அவருடைய தாழ்ச்சிக்கு முதுகெலும்பு இருந்தது.

தாழ்ச்சி என்றால் நமக்குள்ள நன்மைகளை இல்லை என்று பொய் சொல்வதுமல்ல. அர்ச். அக்குவீனாஸ் தோமையார் இதற்கு நல்ல வழி சொல்லுகிறார்: நம்மிடத்தில் நம்முடையது எதுவோ அதையும், பிறனிடத்தில் சர்வேசுரனுடையது எதுவோ அதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். என்னிடம் என்னுடையதென்று இருப்பது என் குற்றங்களே. பிறனிடம் சர்வேசுரனுடையதென்று இருப்பது ஏதாவது ஒரு நன்மை. இப்படி ஒப்பிட்டால் எவன் முன்னிலும் நான் பொய்யில்லாமல் தலை வணங்கலாம். நாமோ நேர்மாறாக ஒப்பிடுகிறோம்: நம்மிடமுள்ள சர்வேசுரனுடைய கொடையையும், பிறனிடமுள்ள அவன் குற்றத்தையும்!

இதை நம் பங்குக்குப் பொருத்திப் பார்ப்போம். திருநாள் வந்தால் கொடி யார் கையில், சப்பரம் யார் தோளில், அழைப்பிதழில் யார் பெயர் முதலில் என்று எத்தனை மனஸ்தாபங்கள்! ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்துவிட்டு, காற்று வருகிறதோ இல்லையோ, அதன் இறக்கையில் உபயம் என்று பெயர் தெரிய வேண்டும் என்கிறோம். கோவில் பெருக்குகிற அம்மாளை எத்தனை பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? கோவில்பிள்ளை ஒரு நாள் மணி அடிக்கத் தவறினால் எல்லாருக்கும் தெரிகிறது. நாள் தவறாமல் அடித்தது யாருக்கும் தெரிவதில்லை.

ஆகையால் இந்த வாரத்துக்கு மூன்று சிறு காரியங்கள் சொல்லுகிறேன். முதலாவது, யாருக்கும் தெரியாமல் ஓர் ஊழியம் செய்யுங்கள். செய்தபின் வீட்டாரிடமும் சொல்லாதிருங்கள். சொல்லாதிருப்பதுதான் கடினம் என்று கண்டுகொள்வீர்கள். இரண்டாவது, வீட்டில் உங்களுக்காக வேலை செய்கிறவர் யாரோ, அவருடைய வேலையில் ஒன்றை ஒரு நாள் நீங்கள் செய்யுங்கள். தகப்பன்மாரே, சாப்பிட்ட தட்டை ஒரு நாள் கழுவி வையுங்கள். குடும்பத்தின் தலைமை அதனால் விழுந்துவிடாது. மூன்றாவது, யாராவது உங்களை மதிக்காமல் பேசினால், பதில் சொல்லுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இவருக்கு என்னிடத்தில் என்ன வேண்டும்? அந்தப் பெரியவருக்கு வேண்டியிருந்தது ஒரு செம்புத் தண்ணீர். அதை நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். நான் என்னையே கேட்டுக்கொண்டது, இவர் என்னை யாரென்று நினைத்தார் என்பதைத்தான்.

அவரை அப்புறம் நான் பார்க்கவில்லை. அந்தச் செம்புத் தண்ணீர் இன்னும் எனக்குக் கடனாக நிற்கிறது. தாகத்தோடு வருகிற யாருக்காவது அதைச் செலுத்திக்கொண்டேயிருக்க வேண்டும்.

நம் கோவில் மணி நாள்தோறும் மூன்று வேளை திரிகாலச் செபத்துக்காக அடிக்கிறது. தேவமாதா தம்மை ஆண்டவருடைய அடிமை என்று சொன்ன வேளையை அப்போது நினைக்கிறோம். அந்த வார்த்தையைச் சொன்ன நம் அன்னை, தமக்குக் கிடைத்த மேன்மையை நினைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்த வயதான அர்ச். எலிசபெத்தம்மாளிடம் மலைநாட்டுக்கு விரைந்து போய், மூன்று மாதமளவும் கூட இருந்தார்கள்.

அடுத்த முறை மணி கேட்கும்போது, செபத்தைச் சொல்லுவோம். சொன்னபின், நம்மை யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்து எழுந்து போவோம்.

கர்த்தருக்குள் உங்கள் ஊழியன்,
பங்குக் குரு