திருத்துகிற கை

நல்லெண்ணம் உள்ளவர்களைக் கண்டு கொஞ்சம் பயப்படவேண்டும் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். ஆனால் பழைய நூல்களின் சரித்திரத்தைப் பாருங்கள். கறையானும் வெள்ளமும் செய்த நாசத்துக்கு அடுத்தபடியாக நாசம் செய்தவர்கள் நல்லெண்ணக்காரர்கள்தாம். எங்கள் இராமநாதபுரத்துச் சீமையில் இதைப்பற்றி ஒரு கதை சொல்லுவார்கள்.

மதுரையில் ஸ்காட் என்று ஓர் ஆங்கிலேயர் இருந்தாராம். தமிழ் கற்றவர், திருக்குறளில் அளவற்ற பற்று. படிக்கப் படிக்க அவருக்கு ஒரு குறை தட்டுப்பட்டது. சில குறள்களில் எதுகை சரியாக விழவில்லை! ஏடெழுதியவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று எண்ணி, எதுகை இல்லாத இடங்களிலெல்லாம் எதுகை வைத்துத் திருத்தி, புத்தகமாக அச்சிட்டுவிட்டார். 'தக்கார்' என்று தொடங்குகிற குறளில் 'எச்சம்' என்ற சொல் வருகிறதல்லவா? அதை எடுத்துவிட்டு 'மக்கள்' என்று போட்டாராம். 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரிடம் ஒரு பிரதியைப் பெருமையோடு கொண்டுவந்து கொடுத்தாராம். தேவர் புரட்டிப் பார்த்தார். விற்காமல் இருந்த பிரதிகள் அத்தனையையும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். ஸ்காட்டுக்குப் பரம சந்தோஷம். அவர் போன பிறகு தேவர் அவ்வளவையும் நெருப்பிலிட்டார்.

இந்தக் கதையைக் கேட்டதும் எல்லாரும் தேவருக்குக் கை தட்டுவார்கள். எனக்கும் தட்டத் தோன்றும். ஆனால் அடுத்த நிமிஷமே ஒரு கேள்வி வந்து உட்காரும். 'எச்சம்' என்பதற்குப் பரிமேலழகர் என்ன பொருள் சொன்னார்? நன்மக்கள் என்றுதானே சொன்னார்? ஸ்காட் போட்ட சொல்லும் அதுதானே? ஒரே கருத்துக்காக ஒருவருக்குப் பீடம், இன்னொருவருக்கு நெருப்பு! இன்னும் ஒரு விசேஷம் உண்டு. பரிமேலழகர் உரையை ஆறுமுக நாவலர் 1861-இல் அச்சிட்டபோது அதற்குத் துணை நின்றவர் பொன்னுசாமித் தேவர். அவர் பாண்டித்துரைத் தேவருடைய தந்தை. தந்தை அச்சேற உதவிய கருத்தை மகன் எரித்தாரா?

இல்லை. பரிமேலழகர் குறளுக்குக் கீழே, தம் பெயரோடு நின்று சொன்னார். வேண்டுமானால் நீங்கள் அவரை மறுக்கலாம். ஸ்காட் குறளுக்கு உள்ளே புகுந்துகொண்டு, வள்ளுவர் குரலில் சொன்னார். அங்கே மறுப்பதற்கு ஆள் இல்லை. மறுக்க வேண்டும் என்று தெரிவதற்கே வழி இல்லை.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது சமீபத்தில் ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு நன்றாக விளங்கியது.

மண்டபத்தில் என் அக்காள் மகன் இருக்கிறான். கல்லூரி ஆசிரியன். மாலை வேளைகளில் நிரம்பவழகிய தேசிகர் பாடிய சேதுபுராணத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். பாட்டைத் தட்டெழுதுவதோடு அவன் வேலை முடிவதில்லை. இது ஊர்ப் பெயர், இது ஆள் பெயர், இது தீர்த்தத்தின் பெயர் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் இருபுறமும் அடையாளம் வைத்துக்கொண்டே போகிறான். இப்படி அடையாளம் வைப்பதற்கென்றே குறியீட்டு மொழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான எக்ஸ்.எம்.எல். 1998 பிப்ரவரியில் வெளியாயிற்று. அடையாளச் சொல் ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் அதில் இல்லை. அவன் திரையில் இப்படி ஒரு வரி இருந்தது:

<இடம் பெயர்="தனுஷ்கோடி">தனுக்கோடி</இடம்>

புலவர் பாடியது தனுக்கோடி. இன்றைக்குத் தேடுகிறவன் தனுஷ்கோடி என்றுதான் தேடுவான். பாட்டில் ஷகரத்தைப் புகுத்திவிட்டால் தேடுகிறவனுக்குச் சுலபம். ஆனால் புலவர் சொல்லாத எழுத்தை அவர் வாயில் திணித்ததாகிவிடும். ஆகவே அவன் பாட்டைத் தொடவில்லை. தன் குறிப்பைக் கோண அடைப்புக்குள் எழுதி, பாட்டின் பக்கத்தில் நிறுத்தியிருந்தான். அந்த ஊரை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோயிற்று. மணலும், இடிந்த மாதாகோயிலும், சில சுவர்களும்தான் மிச்சம். ஊரே போன பிறகு அதன் பெயரையாவது பாடினவன் பாடினபடி விட்டுவைக்க வேண்டாமா?

அவன் எழுதுகிற கருவிக்கு எமாக்ஸ் என்று பெயர். 1976-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பிறந்தது. ரிச்சர்டு ஸ்டால்மன் அதைப் புதிதாக எழுதி 1985-இல் எல்லாருக்கும் பொதுவாக்கினார். அதன் அதிசயம் என்னவென்றால், உபயோகிக்கிறவனே அதற்குப் புதிய வித்தைகளைக் கற்றுக்கொடுக்கலாம். லிஸ்ப் என்ற மொழியில் நாலு வரி எழுதினால் போதும். சொன்ன வேலையைச் செய்யும். ஜேம்ஸ் கிளார்க் என்பவர் எக்ஸ்.எம்.எல்லுக்காகவே அதற்கு ஒரு வித்தை எழுதிக் கொடுத்திருக்கிறார். திறந்த அடையாளத்தை மூடாமல் விட்டாலோ, வரக்கூடாத இடத்தில் ஓர் அடையாளம் வந்தாலோ, எழுதும்போதே சிவப்புக் கோடு விழுகிறது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் திரையின் அடியில் 'செல்லும்' என்ற பொருளில் ஒரு சொல் தோன்றுகிறது.

"அப்படியானால் தப்பே வராது என்று சொல்லு" என்றேன்.

"அதுதான் இல்லை மாமா. சேதுபதி ராஜாவை நான் 'இடம்'னு குறிச்சாலும் இது பேசாம ஒத்துக்கிடும். அடைப்பு சரியா இருக்கான்னுதான் பார்க்கும். அர்த்தம் சரியான்னு நாமதான் பார்க்கணும்."

பிறகு ஒரு கட்டளையைக் காட்டினான். ஒரு சொல்லை நூல் முழுவதும் மாற்றுகிற கட்டளை. ஆனால் உடனே மாற்றிவிடுவதில்லை. ஒவ்வோர் இடத்திலும் போய் நின்று, "மாற்றட்டுமா?" என்று கேட்கிறது. ஆம் என்பதற்கு ஒரு விசை. வேண்டாம் என்பதற்கு ஒரு விசை. மூன்றாவதாக ஆச்சரியக் குறி. அதைத் தட்டினால், மிச்சம் உள்ள இடங்களையெல்லாம் கேளாமலே மாற்றிவிடும்.

"நீ அதைத் தட்டுவதுண்டா?"

"பாட்டு எண்ணுக்கு அடையாளம் வைக்கும்போது தட்டுவேன். அதிலே யோசிக்க ஒண்ணுமில்லை. 'கோடி'ங்கிற சொல்லிலே தட்டினா, கோடி புண்ணியமும் ஊராப் போயிரும் மாமா."

நான் சிரித்தேன். ஆனால் அன்று இரவு பாம்பன் பக்கத்துக் காற்றைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோது அந்த மூன்றாவது விசை மனத்தைவிட்டுப் போகவில்லை. ஸ்காட் பாவம், ஒவ்வொரு குறளாக உட்கார்ந்து திருத்தியிருக்க வேண்டும். அலுப்புக்கூட மனிதனைப் பல பாவங்களிலிருந்து காப்பாற்றுகிறது. இன்றைக்கு அந்த அலுப்பு இல்லை. ஆயிரம் இடத்தில் கை வைக்க ஒரு விரல் போதும்.

இதில் எனக்குச் சொந்த வழக்கும் ஒன்று உண்டு. ஒரு பத்திரிகையில் வந்த என் கதையில், பாம்பன் மீனவன் ஒருவன் தன் கூட்டாளியை "மச்சான்" என்று கூப்பிடுகிறான். அச்சில் வந்தபோது அவன் "மைத்துனரே" என்று கூப்பிட்டான்! திருத்தியவர் தீயவர் அல்லர்; தமிழ்மேல் ஆசையுள்ளவர் என்றே கேள்வி. வலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு "மைத்துனரே" என்று கத்துகிற மீனவனை நான் இன்னும் இந்தக் கரையில் சந்திக்கவில்லை. வாசகர்கள் சிரித்தது அந்தத் திருத்தத்தைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. திருத்தியவர் பெயர் அங்கே இல்லையே!

"அப்படியானால் பழைய எழுத்தை யாரும் தொடவே கூடாதா? ஏடெழுதினவன் செய்த பிழையையும் கும்பிடவேண்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓலையில் புள்ளி வைத்து எழுதும் வழக்கம் இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். அதை அச்சுக்குக் கொண்டுவந்தவர்கள் எழுத்துக்கு எழுத்து முடிவு செய்தாகவேண்டும். தொடாமல் ஒரு நூலும் நம் கைக்கு வந்திருக்க முடியாது.

ஆகவே தொட்டவன் தடம் வைத்தானா என்பதுதான் பார்க்கவேண்டியது. உ.வே.சாமிநாதையர் தமக்குச் சரியென்று பட்ட பாடத்தை மேலே வைத்து, மற்றப் பாடபேதங்களை அடிக்குறிப்பில் கொடுத்தார். 1987-இல் மேல்நாட்டு அறிஞர்கள் கூடி, பழைய நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு விதிகள் வகுக்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய முறையிலும் இதே நியாயம் இருக்கிறது. ஏட்டில் உள்ளதற்கு ஓர் அடையாளம். திருத்தத்துக்கு ஓர் அடையாளம். இரண்டும் அருகருகே நிற்கலாம். திருத்தியவர் யார் என்றும் எழுதிவைக்கலாம்.

இந்த முறை அன்றைக்கு இருந்திருந்தால் தேவருக்கு நெருப்பு மூட்டவேண்டிய அவசியம் இருந்திராது. 'எச்சம்' தன் இடத்தில் இருந்திருக்கும். 'மக்கள்' அதன் பக்கத்தில், ஸ்காட்டின் பெயரோடு இருந்திருக்கும். அவர் சொன்னது சரியா, தவறா என்று நாமே பார்த்துக்கொண்டிருப்போம். தவறாகச் சொன்னவனுக்கும் ஓர் ஓரத்தில் இடம் கொடுப்பது நெருப்பைவிட நாகரிகமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

நூல்களுக்கு மட்டுமா இது? பிள்ளைகளையும், மனைவியையும், அண்டைவீட்டாரையும், இறந்துபோன அப்பா சொன்ன வார்த்தையையும் நாம் அன்றாடம் திருத்திக்கொண்டுதான் இருக்கிறோம். அவர்கள் சொன்னதை அப்படியே வைத்துவிட்டு, "இது என் கருத்து" என்று பக்கத்தில் நின்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வருகிறது? அந்த எமாக்ஸ் ஒவ்வோர் இடத்திலும் நின்று "மாற்றட்டுமா?" என்று கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் படித்துப் பார்த்துப் பதில் சொல்லுகிற பொறுமை மட்டும் நம்முடையதாக இருக்கவேண்டும்.