நாஸ்கா பள்ளத்தாக்கின் பலி இரசம்

பெரு நாட்டின் தென்கடற்கரைப் பாலைவனத்தில் மழை ஏறக்குறைய இல்லை. ஆந்திஸ் மலையில் பெய்யும் மழை சில மாதங்கள் மட்டும் ஆறாக இறங்கி நாஸ்கா பகுதிப் பள்ளத்தாக்குகளை நனைக்கிறது. அவற்றுள் ஒன்றான இன்ஹெனியோவில், 17ஆம் நூற்றாண்டு முதல் இயேசு சபைத் துறவிகள் சான் ஹோசே, சான் ஹவியர் என்னும் இரு திராட்சைப் பண்ணைகளை நடத்தி, குஸ்கோவிலும் லிமாவிலும் இருந்த தம் கல்லூரிகளை அவற்றின் வருவாயால் பேணினர். ஸ்பானிய மன்னர் அச்சபையை வெளியேற்றிய 1767இல் அங்கு அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க வழியினர் ஏறத்தாழ 600 பேர். கொடிகளைக் கவாத்து செய்தவர்களும், பழத்தைக் காலால் மிதித்துச் சாறு எடுத்தவர்களும், உட்புறம் கீல் பூசிய மண்சாடிகளில் திராட்சை இரசத்தை நிரப்பியவர்களும் அவர்களே. இரசம் சந்தைக்குச் சென்றது. பண்ணைக் கோவிலின் பலிபீடத்துக்கும் வேறு இரசம் தேட வேண்டியதில்லை.

கூலியின்றிப் பறித்த உழைப்பில் விளைந்ததைக் கடவுளுக்குப் படைக்கலாமா என்பதே இங்கு எழும் கேள்வி. அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுவதாகக் கத்தோலிக்கர் நம்பும் நற்கருணை, நிறைவேற்றும் குருவின் தகுதியைச் சார்ந்ததன்று என்று அதை மறுத்த தொனாத்துவாதிகளுக்கு எதிராக இறையியலாளர் அகுஸ்தீன் வாதிட்டார். 1547இல் திரெந்துப் பொதுச்சங்கமும் அதை உறுதிசெய்தது. பாமரரின் நம்பிக்கையைக் குருவின் பாவத்திலிருந்து காத்த உயர்ந்த கொள்கை இது. ஆனால் சடங்கு செல்லும் என்பதாலேயே படையல் நேர்மையானது ஆகிவிடாது.

இதைத் திருச்சபை அறியாமல் இல்லை. ஏழையின் உடைமையைப் பறித்துப் பலியிடுவதைக் கொலைக்கு ஒப்பிடும் சீராக் நூலின் 34ஆம் அதிகாரத்தை 1514இல் கியூபாவில் படித்த குரு பார்த்தொலொமே தே லாஸ் காசாஸ், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பூர்வகுடிகளை விடுவித்தார். அவரே பின்னர் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரப் பரிந்துரைத்ததும், முதுமையில் அதற்காக மனம் வருந்தி எழுதியதும், அந்த அதிகாரத்தின் பொருளை முழுதாக ஏற்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுகின்றன.

முழுதாக ஏற்றவர்களும் இருந்தனர். 1681இல் ஹவானாவில் பிரான்சிஸ்கோ ஹோசே தே ஹாக்கா, எபிபானியோ தே முவாரான் என்னும் இரு கப்புச்சின் துறவிகள், அடிமைகளை விடுவித்து இதுவரை உழைத்ததற்கான கூலியையும் கொடுக்க ஒப்பாத உரிமையாளர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்க மறுத்ததால் சிறைப்படுத்தப்பட்டனர். அவர்களது வாதத்தின் வலிமை கூலி என்னும் பகுதியில்தான் உள்ளது: கூலி தரப்படாதவரை விளைச்சல் பண்ணையாருடையதன்று, தமதல்லாததை எவரும் காணிக்கையாக்க முடியாது. இவ்வளவில் பார்த்தால், நாஸ்காவின் பீடத்தில் வைக்கப்பட்ட இரசத்தைப் படைக்கும் உரிமை, அதே கோவிலில் திருமுழுக்குப் பெற்று முழந்தாளிட்ட அடிமைகளுக்கே இருந்தது.

அந்தக் கூலி தரப்படவே இல்லை. 1767இல் பண்ணைகளோடு அடிமைகளும் அரசுடைமையாயினர். 1854இல் ரமோன் காஸ்தீயா பெருவில் அடிமைமுறையை ஒழித்தபோது, இழப்பீடு உரிமையாளர்களுக்கே வழங்கப்பட்டது.