ராணித் தேனீயும் ஜமாஅத்தின் பொறுப்பும்

 

அருள்மறையின் 16-வது அத்தியாயம் 'அந்நஹ்ல்', அதாவது தேனீ. அதன் 68, 69 வசனங்களில் அல்லாஹ் தஆலா தேனீக்கு இடும் கட்டளைகள் அரபியில் பெண்பால் வினைகளாக வருகின்றன. கூடு கட்டுவதும் தேன் சேர்ப்பதும் பெண் தேனீக்கள்தாம். அந்தக் கூட்டிலிருந்து இன்று ஒரு கேள்வியைப் பார்ப்போம்: பொறுப்புக்கு உரியவரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? பிறப்பையா, வளர்ப்பையா, செயலையா?

மார்த்தாண்டத்தில் 1924-ல் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. மையம் தேனீ வளர்ப்பையும் ஊருக்குக் கற்றுக்கொடுத்தது. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து, தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. நோயைத் தாங்கி நின்ற கூட்டங்களிலிருந்துதான் தொழில் மீண்டது. தேர்ந்த வளர்ப்பாளர் ராணியின் அழகைப் பார்ப்பதில்லை. நிறையத் தேன் தருகிறதா, நோயைத் தாங்குகிறதா, பெட்டியை விட்டு ஓடாமல் இருக்கிறதா என்று மொத்தக் கூட்டத்தையும் பார்த்துத்தான் அதைப் பிரித்துப் புது ராணியை உருவாக்குகிறார்.

அப்படியானால் வம்சம்தானே முக்கியம் என்று கேட்பீர்கள். வம்சத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அதே பெட்டியில் ராணியாகும் புழுவும் வேலைக்காரத் தேனீயாகும் புழுவும் ஒரே வகை முட்டையில் பிறந்தவை. முதல் மூன்று நாட்களுக்குப் பிறகும் ராயல் ஜெல்லியே ஊட்டப்படுவது ராணி ஆகிறது. வந்த பிறகும் சோதனை உண்டு. முட்டையிடும் திறன் குறைந்தால் வேலைக்காரத் தேனீக்களே வேறொரு ராணியை வளர்த்துவிடும்.

முத்தவல்லியின் மகன் என்பதற்காக மட்டும் ஒருவரை முத்தவல்லி ஆக்கலாமா? நம் நொச்சிக்குப்பம் கரையில் படகோட்டியின் திறமையை அவர் தகப்பனார் பெயரை வைத்தா சொல்கிறார்கள்? கரைக்கு வந்த மீனையும், பத்திரமாகத் திரும்பிய ஆட்களையும் வைத்தல்லவா சொல்கிறார்கள்! பள்ளிவாசலின் கணக்கும், மக்தபுக்கு வரும் பிள்ளைகளும், கதவைத் தட்டிய ஏழைக்குக் கிடைத்த பதிலும்தான் நிர்வாகத்தின் தேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ராணி வெளியே பறந்து பல ஆண் தேனீக்களோடு சேர்கிறது. அவை பக்கத்துப் பெட்டிகளிலிருந்தும் வரும். ஆகவே ஒருவர் மட்டும் நல்ல ராணியை வைத்திருந்தால் போதாது. சுற்றியுள்ள பெட்டிகளும் நன்றாக இருக்க வேண்டும். தலைமையும் இப்படித்தான். நாம் எப்படியோ, நம்மிலிருந்து வருபவரும் பெரும்பாலும் அப்படியே.

ஆனால் நாம் தேனீக்கள் அல்ல. தேனீக்கு மறுமையில் கேள்வி கணக்கு இல்லை, நமக்கு உண்டு. "தலைவர் சரியில்லை" என்ற பதில் அங்கே நம்மைக் காப்பாற்றாது. தேர்ந்தெடுத்த கையிடமும், தவறைக் கண்டு மௌனமாக இருந்த நாவிடமும் கேட்கப்படும். அடுத்த முறை ஜமாஅத் தேர்வுக்குக் கை உயர்த்தும்போது உறவையும் தெருவையும் ஒதுக்கிவிட்டு அமானிதத்தை நினையுங்கள். தகுதியான இளைஞர்களை இன்றே வளர்க்கத் தொடங்குங்கள். ஊட்டாமல் ராணி உருவாவதில்லை.

பொறுப்பை உரியவரிடம் ஒப்படைக்கும் நல்லறிவை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.